உரிக்கக் கூடாத ஸ்டிக்கர்

என் கடைக்கு முதல் தடவை வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் "பாஸ் இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். பதுளை பஜாரில் ஒரு பெண் போன் திருத்துவாள் என்று யாரும் நினைப்பதில்லை. பாஸ் சாப்பிடப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, அவர்கள் கண் முன்னாலேயே போனைக் கழற்ற ஆரம்பிப்பேன். பதினொரு வருஷமாக அந்தக் கடைக்கு நான்தான் பாஸ்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். போன வருஷம் அது வருவதற்குக் காரணமும் இருந்தது. எதிர்ச்சாரியில் ஏசி போட்ட ஒரு புதுக் கடை திறந்து, கதவளவு பெரிய பேனர் கட்டினார்கள். அதில் பாதி திறந்த ஒரு போன். கீழே மூன்று மொழியிலும் 'மடிக்கும் போன்கள் திருத்தித் தரப்படும்' என்று எழுதியிருந்தது. அப்போது பதுளையில் மடிக்கிற போன் வைத்திருந்த எல்லோரையும் ஒரே த்ரீவீலில் ஏற்றியிருக்கலாம். ஆனாலும் சாதாரண போன் வைத்திருந்தவர்கள்கூட, மடிக்கிற போனையே திருத்துகிறவன் இதைத் திருத்த மாட்டானா என்று அந்தப் பக்கம் போக ஆரம்பித்தார்கள்.

யாருடைய போன் மெல்லியது, யாருடைய போனில் மடிப்பு தெரியவில்லை என்று பெரிய கம்பனிகள் எங்கேயோ அடித்துக்கொண்டன. அதன் சூடு எங்கள் தெரு வரைக்கும் வந்தது. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் 'இங்கேயும்' என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். மடிக்கிற போன் ஒன்றை நான் அதுவரை கையால் தொட்டதுகூட இல்லை.

அந்த அட்டையைப் பார்த்துத்தான் ஓர் அக்கா உள்ளே வந்தார். தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். குவைத்தில் ஒரு வீட்டில் ஆறு வருஷம் வேலை செய்துவிட்டு அந்த வருஷம்தான் திரும்பியிருந்தார். கைக்குட்டையில் சுற்றியிருந்த போனை எடுத்து மேசையில் வைத்தார். குறுக்கே மடிகிற வகை. மூடினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வெளிப்பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னத் திரையும் உண்டு.

"எதிர்க் கடையில எல்லாம் பெரிய பெரிய ஆளா நிக்கிறாங்க தங்கச்சி. கேக்க பயமா இருந்துச்சு. உள்ள ஒட்டியிருக்க ஸ்டிக்கர் பொங்கிப்போச்சு. மாத்திக் குடுப்பீங்களா?"

போனைத் திறந்தேன். நடுவில் மடிகிற இடத்தில் ஒட்டுத்தாள் கொப்புளம் விட்டிருந்தது. "இவ்வளவுதானே" என்றேன்.

அவருக்கு அது சின்ன விஷயம் இல்லை என்பதைப் பேச்சு கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் பார்த்துக்கொண்ட அந்த வீட்டுப் பெண் குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் இல்லை. பிறந்த நாற்பதாம் நாளிலிருந்து அக்காவின் மடியில் வளர்ந்த பிள்ளை. வீட்டில் எல்லோருக்கும் முன்னால் அக்காதான் அதனோடு பேசப் பழகினார். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிற கைப்பாஷை இல்லை, இரண்டு பேருமாகச் சேர்ந்து உண்டாக்கிக்கொண்டது. பால், தூக்கம், பூனை, கோபம் எல்லாவற்றுக்கும் ஒரு விரல் அசைவு. அக்கா ஊருக்குப் புறப்பட்டபோது பிள்ளையின் அம்மா, அந்த வீட்டு மேடம், தான் பாவித்த இந்தப் போனைக் கொடுத்தார். பாதி திறந்து மேசையில் வைத்தால் இது தானாக நிற்கும். பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, இரண்டு கையாலும் பேசலாம்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பகல் ஒன்றரை மணிக்குப் பிள்ளை வீடியோவில் கூப்பிடும். கோயிலடிக் கல்லில் போனை நிறுத்தி வைத்து அக்கா பேசுவார். கொப்புளம் சரியாகப் பிள்ளையின் விரல்கள் தெரிகிற இடத்தில் வந்துவிட்டது. அதற்காகத்தான் வியாழக்கிழமையே பஸ் ஏறி வந்திருந்தார்.

புதுப் போனிலிருந்து பிளாஸ்டிக்கை உரிப்பதுதான் எங்கள் தொழிலின் சடங்கு. ஆட்கள் கண் முன்னால் ஒரே இழுப்பில் உரிக்க வேண்டும், அந்தச் சத்தத்தில் அவர்கள் முகம் மலரும். இதையும் அப்படித்தான் நகத்தால் கிளப்பி இழுத்தேன். வரவில்லை. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேனர் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. சூடு காட்டி இன்னும் பலமாக இழுத்தேன்.

தாள் வந்தது. மடிப்பின் மேல் ஒரு பச்சைக் கோடு ஓடியது. பிறகு பாதித் திரை வெள்ளையானது, பிறகு முழுதும் கறுப்பு. அது ஸ்டிக்கரே இல்லை. திரையோடு சேர்த்துச் செய்த மேல் தோல். உரிக்கக் கூடாது என்று பெட்டியில் எழுதியிருப்பார்களாம். பெட்டி குவைத்தில் கிடந்தது.

"உள்ளுக்கே பழுதா இருந்திருக்கு அக்கா" என்றேன். அதைச் சொன்ன வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் தலையாட்டினார். "எங்க தோட்டத்துப் பனிதான் காரணம். நான்தான் பத்திரமா வச்சிருக்கணும்" என்று தன் மேல் போட்டுக்கொண்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை. "இல்லக்கா, நான்தான் கெடுத்தேன்" என்று கத்திவிட்டேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "நாளைக்கு வெள்ளிக்கிழமையாச்சே" என்று மட்டும் சொன்னார்.

உடனே ஓடினேன். பாகங்கள் விற்கிற முஸ்லிம் கடைக்கார நானா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மாடல கம்பனியே நிப்பாட்டிட்டாங்க புள்ள. அதுக்குப் பொறகு மூணு மாடல் வந்திட்டு. இதுட திரைய யாரு கொண்டு வாரது?" என்றார். பண்டாரவளைக்கும் கொழும்புக்கும் அவரே பேசிப் பார்த்தார். எங்கேயும் இல்லை. புது மாடல் கொண்டு வருகிற போட்டியில் பழைய மாடல் வைத்திருப்பவளை யார் நினைக்கப்போகிறார்கள்?

கடைசியில் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு எதிர்க் கடைக்கே போனேன். அந்த முதலாளி போனைத் தொடவே இல்லை. குரலைத் தாழ்த்தி, "நாங்க இன்னும் ஒன்னுகூட செஞ்சதில்லை சிஸ்டர். பேனர் போட்டா ஆள் வரும்னு போட்டோம்" என்றார். இந்தப் பொய்யோடு போட்டி போடத்தான் நானும் பொய் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வேறு போன் வாங்கினாலும் பயனில்லை. பிள்ளை கூப்பிடுகிற கணக்கு அக்காவின் குவைத் நம்பரில் இருந்தது. விசா முடிந்ததும் அந்த சிம் செத்துவிட்டது. கணக்கைப் புதுப் போனில் போட்டால் அந்த நம்பருக்குத்தான் உறுதிப்படுத்துகிற கோட் போகும். கம்ப்யூட்டரில் கோர்த்துப் பார்த்தேன், அதற்கும் திரையில் ஒரு தடவை சம்மதம் அழுத்த வேண்டும். மேடத்தின் நம்பர் அந்தப் போனுக்குள்தான். அது கிடைத்தாலும் கேட்க அக்காவுக்குத் தயக்கம். "வீட்டு வேலைக்கு புதுப் பொண்ணு வந்திருக்கு. புள்ள அவளோட பழகணும், நீ அடிக்கடி பேசாதனு மேடம் முன்னயே சொல்லிட்டாங்க."

ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அழைப்பு வந்தால் வெளிப்பக்கச் சின்னத் திரையில் விரலால் தள்ளி எடுக்கலாம். அந்தச் சின்னத் திரையில் வீடியோ வராது, ஆனால் எடுத்துவிட்டுத் திறந்தால் உள்ளே இருக்கிற கேமரா வேலை செய்யும். அக்காவைப் பிள்ளை பார்க்கலாம். பிள்ளையை அக்கா பார்க்க முடியாது.

மறுநாள் அரைப் பேர் போட்டுவிட்டு, அதாவது அரை நாள் கொழுந்து பறித்துவிட்டு, அக்கா கடைக்கு வந்தார். ஜும்மாத் தொழுகை நேரம், தெருவில் பாதிக் கடைகள் பூட்டியிருந்தன. ஒன்றரைக்குப் போன் மணி அடித்தது. அவர் தள்ளி எடுத்து, போனைப் பாதி திறந்து மேசையில் நிறுத்தி, தலைமுடியைச் சரி செய்துகொண்டார்.

கறுப்புக்குள்ளிருந்து பிள்ளையின் குரல் வந்தது. பேச்சு இல்லை, சந்தோஷத்தில் எழும்புகிற ஒரு கீச்சு. அக்கா கைகளைத் தூக்கிப் பேச ஆரம்பித்தார். உடைந்த போன் என்பதற்கு அவர்கள் பாஷையில் சொல் இல்லை. அதனால் கண்ணைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து, உன்னைக் காணவில்லை என்று காட்டினார். உடனே அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. நாற்காலி இழுபடுகிற சத்தம், ஓடுகிற சத்தம், பிறகு ஒன்றுமில்லை.

அக்காவின் கை அப்படியே நின்றது. "ஐயோ" என்றார். "ஒளிஞ்சு விளையாடுறப்ப சொல்றது தங்கச்சி இது. காணோம் காணோம்னு சொல்லிக்கிட்டே தேடுவேன். அது ஒளியப் போயிருச்சு."

தேடிக் கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை. எங்கே ஒளிந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் மேசையில் பட்பட்டென்று அடிக்கிற சத்தம் கேட்டது. என்னைப் பார் என்று அர்த்தமாம். என் போனுக்குக் கூப்பிடட்டும் என்று நான் என் நம்பரைத் தாளில் எழுதிக் கேமராவுக்கு முன்னால் பிடித்தேன். அடி இன்னும் பலமானது. "அதுக்கு இன்னும் இலக்கம் படிக்கத் தெரியாது. என் மூஞ்சிய மறைக்காதீங்க" என்று அக்கா தாளைத் தள்ளிவிட்டார்.

அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளிலும் வந்தார். வேறு ஏதாவது செய் என்று என்னை நானே திட்டிக்கொண்டு, அவர் முகத்துக்கு நேரே மேசை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு ஒன்றும் செய்ய எனக்குத் தெரியவில்லை. அக்கா சாப்பிட்டாயா என்பார், பூனை எங்கே என்பார், முத்தம் கொடுப்பார். பதிலைப் பார்க்க முடியாமல் அடுத்த கேள்விக்குப் போவார். இரண்டாம் வாரம் சிரிப்பு இல்லை. மூன்றாம் வாரம் பிள்ளை மேசையில் அடித்தது, பிறகு அழுதது. நான்காம் வாரம் அக்கா பாதியில் இருக்கும்போதே அழைப்பு அறுந்தது. அறுந்தது தெரியாமல் அவர் கொஞ்ச நேரம் கையை அசைத்துக்கொண்டிருந்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஐந்தாம் வாரம் மணி அடிக்கவில்லை. ஒன்றரை போய் இரண்டரையும் ஆனது. போனை வாங்கிப் பார்த்தேன். சார்ஜ் இருந்தது, சிக்னல் இருந்தது. நெட் இழுக்கவில்லையாக்கும் என்று ஏதோ உளறினேன்.

"இல்ல தங்கச்சி. அதுக்குக் கோபம்" என்றார் அக்கா. "நான் அதையே பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன், அதுக்கு அப்படித்தானே தெரியும். பாத்துக்கிட்டே இருந்தும், அது கேட்டதுக்கு நான் ஒருநாளும் பதில் சொல்லல."