குவைத்துக்குக் கேட்டது, எங்களுக்குக் கேட்கவில்லை

நாட்டில் சண்டை முடிந்த வருடம் அது. என் மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்காரி தன் கம்ப்யூட்டரைப் பேசக் கொடுப்பாள். நான் மண்டூரிலிருந்து பாதை ஏறி அக்கரை மாதர் சங்கத்துக்குப் போவேன். பாதை என்றால் எங்களுக்கு வாவியைக் கடக்கும் மிதவை. சங்கக் கட்டடம் சுனாமிக்குப் பிறகு யாரோ கட்டித் தந்தது. கம்ப்யூட்டரும் அவர்கள் தந்ததுதான். அதற்குள் இருப்பது லினக்ஸ் என்று அங்கே வேலை பார்த்த பெண்பிள்ளை சொல்லுவாள். என்ன இருந்தாலும் சரி, மகளின் குரல் வந்தால் எனக்குப் போதும்.

அந்த வெள்ளி குரல் வரவில்லை. முந்தின நாள் அந்தப் பிள்ளை கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் புதுப்பித்திருந்தாள். புதுப்பித்ததில் திரையில் எழுத்தெல்லாம் தமிழாகிவிட்டது, சத்தம் போய்விட்டது. நான் பேசுவது மகளுக்குக் கேட்கிறது. அவள் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. அதனால் மகள் தட்டெழுதி அனுப்பினாள். பிள்ளை அதைக் கடைக்குக் கொடுத்துவிடும் சாமான் துண்டு வாசிப்பது போல வாசித்தாள். சுகம். இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்கிறார்கள். இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டும். நிற்கவா, வரவா?

சுகம் என்று யாரும் எழுதலாம். அவள் "அம்மா" என்று சொல்லும்போதுதான் சுகமா இல்லையா என்று எனக்குத் தெரியும். முதலில் சத்தத்தைக் கொண்டு வா, பதில் பிறகு என்றேன்.

பிள்ளை ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் குத்தினாள். அதே ஸ்பீக்கரை ரேடியோவில் மாட்டினாள், பாடியது. கம்ப்யூட்டரை இரண்டு தரம் நிற்பாட்டிப் போட்டாள். ஒவ்வொரு தரமும் மகளைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. கறுப்புத் திரையில் ஏதோ எழுதினாள், அதுவும் பதிலுக்கு ஏதோ எழுதியது. புதிதாகத் தமிழாகிப்போன எழுத்துப் பக்கம் அவள் கண் போகவேயில்லை. கம்ப்யூட்டரை அவள் படித்தது இங்கிலீசில்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. சும்மா இருந்ததால் திரையில் கிடந்ததை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன்.

"புள்ள, இந்த மெ-ள-னம் ஆரு? அவருக்கு மட்டும் சரி போட்டிரிக்கி."

அப்படி ஒரு சொல்லே இல்லை என்று சொல்லிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "அது மௌனம், பெரியம்மா," என்றாள். அதில் சரி போட்டால் சத்தம் நின்றுவிடுமாம். அந்தச் சரி அடையாளத்தை எடுத்துவிட்டாள்.

ள மாதிரி இருந்தால் ள என்றுதான் வாசிக்க வேண்டும். நான் வாசித்தது பிழை என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அம்மா," என்றது பெட்டி. சுகம்தான் என்று சொல்ல மகள் இரண்டு தரம் மூச்சு எடுத்தாள்.

"வா மகள்," என்றேன். "சண்டை முடிஞ்சிது. வா."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தம் திரும்பப் போயிட்டுது, பெரியம்மா," என்று பிள்ளை எழும்பினாள்.

"போகல்ல. இரி. அவள் அழுறாள்."

இருந்தோம். கொஞ்ச நேரத்தால் மகள் மூக்கை உறிஞ்சிவிட்டு, வாறன் என்றாள்.