கை அறியாத முறுக்கு

இன்ஜினைப் பிரித்துக் கட்டிய வண்டியைச் சும்மா விடமாட்டார் என்பதால் அந்த மெக்கானிக்குக்குக் கடைத்தெருவில் 'முறுக்கர்' என்றே பெயர். எண்ணூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டி திரும்ப வந்தாக வேண்டும். ஓர் இரவு முழுக்க ஆறவிட்டு, இன்ஜினின் மேல்மூடியை இறுக்கிப் பிடிக்கிற ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கித்தான் அனுப்புவார். வீட்டிலும் அதே கைதான். "இவர் மூடின பாட்டிலைத் திறக்க இவரேதான் வரணும்" என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அன்று காலை பால் வண்டி. டார்க் ரெஞ்சைப் பிடித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கி வந்தார். அளவு வந்ததும் ரெஞ்ச் 'டிக்'கென்று சொடுக்கும். பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் அலறிக்கொண்டிருந்தது. அதனால் என்ன, அந்தச் சொடுக்கை முப்பது வருடமாக அவர் உள்ளங்கையால்தான் கேட்கிறார்.

நான்காவது போல்ட்டில் சொடுக்கு வரவில்லை. இன்னும் இழுத்தார். மளுக்கென்று போல்ட்டின் தலை கையோடு வந்துவிட்டது.

"பழைய போல்ட்டாண்ணே?" என்றார் பால்காரர்.

"புதுசுதான்."

கிரைண்டர் நின்றது. ரெஞ்சை ஐந்தாவது போல்ட்டில் மாட்டி இழுத்தார். 'டிக்' சத்தம் காதில் தெளிவாக விழுந்தது. கையில் ஒன்றுமே தெரியவில்லை. ஸ்க்ரூடிரைவர் முனையால் வலது கை விரல்களைக் குத்திப் பார்த்தார். மூன்று விரல்கள் யாருடையவையோ போல இருந்தன.

போல்ட் உடைந்ததற்கு அவர் பயப்படவில்லை. இறுக்கமே தெரியாத இந்தக் கையால் முறுக்கி அனுப்பிய மற்ற வண்டிகளை நினைத்துத்தான் பயந்தார். நேற்று யாருடைய காருக்குச் சக்கரம் கழற்றி மாட்டினாரோ, அந்த டீச்சருக்கு முதலில் போன் போட்டார்.

"வண்டி எங்கம்மா இருக்கு?"

"ஸ்கூல்ல. ஏன்?"

"எடுக்காதீங்க. இதோ வர்றேன்."

தொட்டுப் பார்க்க உணர்வுள்ள ஒரு கை வேண்டும் என்று வழியில் மனைவியையும் ஏற்றிக்கொண்டார். பள்ளி வாசலில், முன் சக்கரத்தில் இரண்டு நட்டுகள் அவள் வெறுங்கைக்கே சுழன்றன.

"நல்லாத்தானே ஓடுச்சு?" என்றார் டீச்சர். முறுக்கர் இடது கையால் நட்டுகளை இறுக்கினார்.

"கையில என்னங்க?" மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"மரத்துப் போச்சு. எப்பலேருந்துன்னு தெரியல."

அவள் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். "எனக்குத் தெரியும். ரெண்டு மாசமா பாட்டில் மூடி சும்மாவே திறக்குது. வயசாகுதுன்னு விட்டுட்டேன்."

இரண்டு மாதம். பத்தொன்பது வண்டிகள். அன்று மாலைக்குள் பதினெட்டைப் பிடித்துவிட்டார்கள். ஐந்தில் ஏதோ ஒன்று தளர்ந்திருந்தது. யாருக்கும் அடிபடவில்லை.

கழுத்தில் நரம்பு அழுந்தியிருப்பதாக டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு விரலுக்கு உணர்வு வந்தது. ரெஞ்ச் இப்போது பட்டறையில் புதிதாகச் சேர்த்த ஆளிடம். இவர் பக்கத்தில் நின்று சொடுக்குக்குக் காதைக் கொடுக்கிறார்.

பிடிக்க முடியாத அந்தப் பத்தொன்பதாவது வண்டி, வழிப்போக்காக வந்து முன் பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டு போன சாம்பல் நிறக் கார். பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காரை ஓட்டி வந்தவர் கொடுத்த போன் எண் உபயோகத்தில் இல்லையாம். இருந்தும் தினமும் பட்டறையைத் திறந்ததும், உட்காருவதற்கு முன்னால், அவர் ஒரு தடவை அழைத்துப் பார்க்கிறார்.