அக்காவுக்குக் காவல்

"நான் பாத்துக்கிறேன்" என்று தனபாக்கியம் போனில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த வார்த்தையை வாழ்நாளில் நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கிறாள். சேரங்கோட்டில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டே மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தாள். மகளுக்கு இரண்டு பிரசவம் பார்த்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கணவன் மருதமுத்துவுக்குக் கண் ஆபரேஷன். வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டாள். இனி மழைக்காலம் முழுக்கக் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கலாம் என்று நினைத்திருந்த வருஷத்தில்தான் இலங்கையிலிருந்து அந்தப் போன் வந்தது.

பேசியது அக்கா வீரம்மாவின் மகன் பாபு.

"சின்னம்மா, அம்மாவுக்கு நெஞ்சுக்குள்ள ஒரு வால்வு சுருங்கிப்போச்சாம். நாலு படி ஏற ஏலாது, மூச்சு வாங்குது. இங்க பெரியாஸ்பத்திரியில சும்மாவே செய்வாங்க, ஆனா வரிசை நீளம். அது வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கொழும்பில காசு குடுத்துச் செய்யிறதை நாங்க நினைச்சும் பார்க்க ஏலாது. கோயம்புத்தூர்ல செஞ்சா பிளைட் காசையும் சேர்த்து அதுல பாதிகூட வராதாம். அங்க நீங்களும் இருக்கீங்க."

நீங்களும் இருக்கீங்க என்று ஒருவன் சொன்ன பிறகு வேறு என்ன பதில் சொல்ல முடியும்?

அக்காவைக் கடைசியாகப் பார்த்தபோது தனபாக்கியத்துக்கு ஒன்பது வயது. இரு நாட்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. வீரம்மாவை மட்டும் அத்தை வீட்டுப் பிள்ளையாகப் பதிந்திருந்தார்கள். அத்தை மகனுக்கென்று பேசி வைத்திருந்த பெண் அவள். அத்தை குடும்பத்துக்கு அங்கேயே பிரஜா உரிமை கிடைத்ததால் அவளும் அங்கேயே நின்றுவிட்டாள். இவர்கள் ரயில் ஏறும்போது அவள் அழவில்லை. "தலையை வாரிக்கோ, பரட்டையா போகாத" என்று மட்டும் தங்கச்சியிடம் சொன்னாள். பிறகு எப்போதாவது கடிதம், ரொம்பக் காலம் கழித்துப் போன். கோவை விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த, கால் வீங்கிய கிழவியைத் தனபாக்கியத்துக்கு அடையாளமே தெரியவில்லை. கிழவிதான் முதலில் பேசினாள்.

"இன்னும் தலை வார மாட்டியாடி நீ?"

ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு நோயாளிகளுக்குத் தனி ஹால். மெத்தை வைத்த சோபா, ஏசி, குடிக்க ஜூஸ். வெள்ளை அங்கி போட்ட அரபிக் குடும்பம் ஒன்றுக்கு நடுவில் வீரம்மா காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்த நர்சுப் பிள்ளைங்க என்னைய வெளிநாட்டுக்காரிங்குது. அங்க தோட்டத்தை விட்டு இறங்கினா இந்தியாக்காரிங்கிறான்" என்றாள்.

"என்னைய இங்க இத்தனை வருஷம் கழிச்சும் சிலோன்காரின்னுதான் கூப்பிடுறாங்க."

"அப்ப ஜூஸை நீயும் குடி."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சுருங்கிப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு ஒன்றை வைத்தார்கள். கூட வந்திருந்த பாபுவுக்கு லீவு தீர்ந்துபோய் அவன் ஊருக்குப் போய்விட்டான். அடுத்த பரிசோதனையில் டாக்டர் சரி என்று சொன்னால்தான் வீரம்மா விமானம் ஏறலாம். அதுவரை கோவையில் அறை எடுத்துத் தங்க அவள் ஒப்பவில்லை. "தங்கச்சி ஊடு இருக்கையில நான் எதுக்கு லாட்ஜில கெடக்கணும்?" என்று ஒரே பிடியாக நின்றாள்.

புறப்படும் நாளில் ஆன்சி என்ற மலையாளத்து நர்ஸ் தனபாக்கியத்தை அருகில் உட்கார வைத்துச் சொன்னாள்: "சேச்சி, ரத்தம் கட்டாம இருக்க இந்த மாத்திரை. ஜீவன் இருக்கிற வரைக்கும் கழிக்கணும், சாப்பிடணும், மனசிலாயோ? ரத்தம் வந்தா சீக்கிரம் நிக்காது. கத்தி படக்கூடாது, வழுக்கி விழக்கூடாது, பல் தேய்க்கிற பிரஷ்கூட மெத்துன்னு இருக்கணும். கீரையைத் திடீர்னு அள்ளி அள்ளிக் கொடுக்க வேண்டாம். என்ன சந்தேகம்னாலும் எனக்கு போன்ல விளிக்கணும்."

தனபாக்கியம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அரிவாள்மனை பரண் மேல் போனது. கவாத்துக் கத்தி பக்கத்து வீட்டுக்குப் போனது. குளியலறைத் தரையில் சாக்கு விரித்தாள். கட்டில் முனைகளுக்குப் பழைய துணியைச் சுற்றினாள். அக்கா எழுந்தால் எழுந்தாள், உட்கார்ந்தால் உட்கார்ந்தாள். வீரம்மா தும்மினால்கூட மூக்கைப் பார்த்தாள்.

வெளியே விடாத மழை. ஓட்டு வீட்டுக்குள் அடுப்புப் புகையும் ஈரத்துணி வாடையும். மழை கொஞ்சம் ஓயும்போதெல்லாம் வீரம்மாவின் நெஞ்சிலிருந்து டிக், டிக் என்று சன்னமாக ஒரு சத்தம் கேட்கும்.

"மயினி வந்ததுல இருந்து ஊட்டுல ரெண்டு கடிகாரம்" என்றான் மருதமுத்து.

"என் கடிகாரத்துக்குச் சாவி குடுக்க வேணாம் தம்பி. மாத்திரை குடுத்தாப் போதும்" என்றாள் வீரம்மா.

அவளுக்கு வாய் மட்டும் என்றைக்கும் ஓயவில்லை. ரொட்டி தடிமனாக இருக்கிறது, தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு இல்லை, பால் விடாத பிளேன்டீயில் சாயம் போதாது. ஜன்னல் வழியாகத் தெரிந்த தேயிலையையும் விட்டு வைக்கவில்லை. அங்கே பெண்கள் கத்தரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னாடி இது? மலையில போய் முடி வெட்டுறாளுக! ரெண்டு இலையும் மொட்டுமா விரலால கிள்ளுறதை விட்டுட்டு…"

"இங்க இப்படித்தான்க்கா. ஆள் இல்ல, கிலோ வேணும்."

"என்னையக் கொண்டுபோய் ஒருக்கா விடு. நான் பறிச்சுக் காட்டுறேன்."

"ஏலாது."

"சும்மா பாத்துட்டு வாறேன்."

"ஏலாதுன்னா ஏலாதுக்கா. விழுந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

தினமும் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது வரும். தனபாக்கியத்துக்கு இடுப்பு கடுத்தது, தூக்கம் கண்ணுக்குள்ளேயே நின்றது. இந்த அக்காவுக்காகச் சின்ன வயதில் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். இப்போது இவள் எப்போது ஊருக்குப் போவாள் என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டது. அப்படிக் கேட்டதற்காக அன்றைக்கு ரசத்தில் இன்னும் கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டாள். அக்காவுக்கு மிளகு பிடிக்கும்.

ஒரு மத்தியானம் மழை விட்டு வெளிச்சம் வந்தது. மருதமுத்து சேரம்பாடிக்கு ரேஷன் வாங்கப் போயிருந்தான். அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தனபாக்கியம் சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

விழித்தபோது கட்டில் காலி.

பின்வாசலுக்கு ஓடினாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த தேயிலைக் காட்டிலிருந்து வீரம்மா ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தாள். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள். கை நிறையக் கொழுந்து. முகத்தில் அப்படி ஒரு களை.

"விழல. அடிபடல. கத்தி படல. திட்டாத" என்று தூரத்திலிருந்தே சொன்னாள்.

தனபாக்கியம் அவளை உட்கார வைத்துக் கை, முழங்கால், நெற்றி எல்லாம் தடவிப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை. கால் விரல் இடுக்கில் அட்டை ஒன்று திராட்சைபோல உப்பியிருந்தது. கெண்டைக்காலில் இன்னொன்று.

"ஒங்க ஊரு அட்டையும் எங்க ஊரு அட்டை மாதிரியே இருக்கு" என்றாள் வீரம்மா.

"ரெண்டும் சிலோன்ல இருந்து வந்ததாயிருக்கும்."

அக்காவும் தங்கச்சியும் சிரித்தார்கள். அவள் வந்த பிறகு சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். தனபாக்கியம் உப்பைத் தொட்டு வைத்தாள். அட்டைகள் சுருண்டு விழுந்தன. வெளியே வீசிவிட்டு வந்து பிளேன்டீ போட்டாள். பிறந்ததிலிருந்து அட்டைக்கடி வாங்கியவர்கள் இருவரும். மழைக்காலத்தில் வேலை விட்டு வரும் பெண்கள் எல்லோருடைய காலிலும் ரத்தம் வழியும், யாரும் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அடி என்றால் அடி, வெட்டு என்றால் வெட்டு. அட்டையை யார் காயம் என்று சொல்வார்கள்? ஆன்சி அதைச் சொல்லவில்லை. தனபாக்கியத்துக்குக் கேட்கவும் தோன்றவில்லை.

சாயங்காலம் விளக்குப் போட்டபோது கட்டிலுக்கடியில் விரித்திருந்த சாக்கு கறுத்திருந்தது. தண்ணீர் கொட்டிவிட்டது என்று நினைத்துத் தொட்டாள். விரல் சிவந்தது.

முதலில் அக்காவின் காலில் கடிவாய்களில் புகையிலை வைத்தாள். நனைந்து விழுந்தது. தேயிலைத்தூளை அப்பினாள். அதையும் ரத்தம் கரைத்துக்கொண்டு போனது. அதன் பிறகுதான் ஆன்சி சொன்னது அவள் மண்டையில் இறங்கியது. சீக்கிரம் நிக்காது. அரிவாள்மனையைப் பரணில் ஏற்றிய கையாலேயே அட்டையை வீசிவிட்டு டீ போட்டிருக்கிறாள்.

ஆன்சிக்குப் போன் செய்தாள்.

"அட்டையோ? எண்டெ ஈசோயே!" என்றாள் ஆன்சி. "சேச்சி, கரையாதீங்க, அழ வேண்டாம். சுத்தமான துணியை வச்சு அமுக்கிப் பிடிங்க. எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். காலை உயர்த்தி வச்சுக்கிட்டு, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இப்பவே கொண்டு போகணும். மாத்திரைப் பேரை அவங்ககிட்ட முதல்ல சொல்லுங்க."

கொர்னேலியஸின் ஜீப்தான் அந்த லைன் வீடுகளில் எல்லாருக்கும் ஆம்புலன்ஸ். ரேஷனோடு திரும்பியிருந்த மருதமுத்துவை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டுப் பந்தலூருக்குக் கிளம்பினார்கள். பின்சீட்டில் அக்காவின் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு கட்டை விரலால் விரலிடுக்கையும் மற்றக் கையால் கெண்டைக்காலையும் தனபாக்கியம் அமுக்கிப் பிடித்தாள்.

"ஏனுங்க அக்கா, வளைவு வருதுங்க, கெட்டியா புடிச்சுக்குங்க" என்றான் கொர்னேலியஸ்.

"எதைப் பிடிக்கிறது? கையில கால் இருக்கு."

பாதி வழியில் ஜீப் நின்றது. கொர்னேலியஸ் விளக்கை அணைத்தான், எஞ்சினை அணைத்தான். "ஆனைங்க" என்று கிசுகிசுத்தான். "குட்டியோட நிக்குதுங்க. போனாத்தான் நாம போக முடியும்."

அந்த இருட்டில் மழையும் இல்லை, பேச்சும் இல்லை. மரக்கிளை முறிகிற சத்தம். அதை விட்டால் டிக், டிக், டிக் என்று வீரம்மாவின் நெஞ்சு. முன்னைவிட வேகமாக அடிக்கிறதா, தனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று தனபாக்கியத்துக்குத் தெரியவில்லை. துணி வெதுவெதுப்பாக நனைந்துகொண்டிருந்தது. நிற்காவிட்டால் பாபுவிடம் என்னவென்று சொல்வது? கடலைத் தாண்டி வந்து நெஞ்சைப் பிளந்து பிழைத்தவளை அட்டைக்குக் கொடுத்துவிட்டேன் என்றா?

"ஒனக்கு அலுத்துப்போச்சில்ல?" என்றாள் வீரம்மா மெதுவாக.

தனபாக்கியம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. "ஆமாக்கா. ரொம்ப அலுத்துப்போச்சு."

"எனக்குந்தான். கெடந்து கெடந்து அலுத்துப்போச்சு. அதான் மலைக்குப் போனேன்."

"என்னைய எழுப்பியிருக்கலாம்ல."

"வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கினியே. சின்னப் பிள்ளையில லயத்து வீட்டுக் காம்பராவுலயும் நீ அப்படித்தான் தூங்குவ. எழுப்ப மனசு வரல."

தனபாக்கியம் கட்டை விரலை இன்னும் அழுத்தினாள். "மெதுவாடி, விரல் ஒடிஞ்சிடப்போகுது" என்றாள் வீரம்மா. யானைகள் சரிவில் இறங்கிப் போயின. கொர்னேலியஸ் சாவியைத் திருப்பினான்.

பந்தலூரில் மாத்திரைப் பெயரைச் சொன்னதும் வேலை மளமளவென்று நடந்தது. நர்ஸ் வந்து "கையை எடுங்கம்மா" என்றாள். தனபாக்கியத்தின் கட்டை விரல் வரவில்லை. விறைத்துப்போயிருந்தது. நர்ஸ்தான் அதை ஒவ்வொரு கணுவாக நிமிர்த்தி எடுத்தாள். இறுக்கிக் கட்டுப் போட்டு, ஊசி போட்டு, ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். ரத்தம் தேவைக்கு மேல் நீர்த்துப்போயிருந்தது. டாக்டர் கோவையோடு பேசி மாத்திரை அளவைக் குறைத்தார். பொழுது விடியும்போது கட்டு காய்ந்திருந்தது.

"உடம்புக்குச் சோறு சரியா இறங்காட்டி மாத்திரையோட வேகம் கூடி இப்படி ஆகும். வெளியே தெரியாமலே போயிருந்தா இன்னும் மோசம்" என்றார் டாக்டர்.

"அப்ப அட்டைதான் கண்டுபிடிச்சுச்சு" என்றான், காலையில் பஸ் பிடித்து வந்து சேர்ந்த மருதமுத்து. யாரும் சிரிக்கவில்லை. தனபாக்கியம் வராந்தாவில் நின்று மரத்துப்போன விரலை உதறிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு வீரம்மா மலை என்ற பேச்சை எடுக்கவில்லை. கோவையில் பரிசோதனை முடிந்து விமானம் ஏறலாம் என்று சொல்லிவிட்டார்கள். அழைத்துப் போகப் பாபு வந்தான். புறப்படுவதற்கு முன் தனபாக்கியம் சேரம்பாடித் தையல்காரரிடம் காடாத்துணியில் முழங்கால் வரைக்கும் வருகிற உறைகள் தைத்து வாங்கினாள். முடிச்சுப் போட்டால் அட்டை நுழையாது. அக்காவின் ஊரிலும் மழை, தேயிலை, அட்டை எல்லாம் உண்டு. மாத்திரையும் இனி சாகும் வரைக்கும் உண்டு. விமான நிலைய வாசலில் பையைக் கொடுத்தபோது, "இதைப் போடாம வாசல் தாண்டக்கூடாது" என்றாள்.

"இன்னும் என்னைய விட மாட்டியாடி?" என்றாள் வீரம்மா. தங்கச்சியின் தலையைத் தடவி, பறந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள்.

தனபாக்கியம் வீட்டுக்கு வந்து பரணிலிருந்து அரிவாள்மனையை இறக்கினாள். கட்டில் துணிகளை அவிழ்த்தாள். இரண்டு நாள் கழித்து அக்காவிடமிருந்து வீடியோ கால் வந்தது. திரையில் முகம் இல்லை. காடாத்துணி மாட்டிய இரண்டு கால்கள்தான் தெரிந்தன.

"பாருடி. அடுப்படியிலயும் போட்டுக்கிட்டுத்தான் நடக்கிறேன். லயமே சிரிக்குது."

"சிரிக்கட்டும். மாத்திரை?"

"போட்டாச்சு."

"சோறு?"

"சாப்பிட்டாச்சு."

தனபாக்கியம் போனைத் தலையணைமேல் சாய்த்து வைத்துவிட்டுக் கம்பளியை இழுத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் வீரம்மா ரேஷன் மாவைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனாள். இந்தப் பக்கத்திலிருந்து "ம்" வருவது குறைந்தது. பிறகு நின்றுவிட்டது.

மருதமுத்து வந்து போனை எடுத்தான். "மயினி, அவ தூங்கிட்டா."

"தெரியுது. வாயைப் பொளந்திருக்காளா?"

"ஆமா."

"எழுப்பிடாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வீரம்மா வைத்துவிட்டாள்.