இருபத்திரண்டு பொத்தான்கள்

எங்கள் வீட்டில் தையல் மெஷின் இருந்தது. ஆனாலும் என் பள்ளிக்கூடச் சட்டையைத் தைப்பதற்கு அல்லைப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டி, யாழ்ப்பாணத்தில் ஒரு தையற்காரரிடம் அளவு கொடுத்துவிட்டு வருவோம். வீட்டில் மெஷினை வைத்துக்கொண்டு இதென்ன கூத்து என்று ஊர்ப் பெண்கள் அம்மாவின் வாயைக் கிண்டுவார்கள். அம்மா, என்னைக் கேட்காதேயுங்கோ என்று சின்னம்மா இருக்கும் அறைப்பக்கம் கையைக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. கலியாணம் செய்யாமல் எங்களோடு இருந்தார். அவர் கலியாணச் சட்டை தவிர வேறொன்றும் தைக்கமாட்டார். அவர் தைக்கத் தொடங்கும்வரை எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்கள் வெள்ளைச் சேலையோடுதான் கோயிலில் தாலி வாங்கினார்கள். நிலத்தைத் தொடும் வெள்ளைச் சட்டையும் தலையில் போடும் நெற்றும் கொழும்புக்காரரின் நாகரிகம். கன்னியர் மடத்தில் தையல் பழகிய சின்னம்மா அதைத் தீவுக்குக் கொண்டுவந்தார். மூன்று வருடத்தில் எட்டு மணப்பெண்கள். எட்டும் ஒன்றுபோல் இருக்காது. ஆனால் எல்லாவற்றிலும் ஒன்று இருக்கும். கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகில் ஒரே நிரையாக இருபத்திரண்டு சின்னப் பொத்தான்கள், சட்டைத் துணியாலேயே பொதிந்து இறுக்கியவை. மணப்பெண் பீடத்தைப் பார்த்து முழந்தாளிட்டிருக்கும்போது கோயில் முழுக்க அவளுடைய முதுகைத்தானே பார்த்துக்கொண்டிருக்கும்? சின்னம்மா அதை யோசித்தே தைத்தார். பொத்தானுக்குள் வைத்துப் பொதிவதற்கு அப்பாவின் பழைய சட்டைகளின் பொத்தான்களை ஒட்ட வெட்டி எடுத்துவிடுவார். கடலுக்குப் போகிற மனிசனுக்குச் சட்டை என்னத்துக்கு என்று அப்பாவும் விட்டுவிட்டார்.

சீமைத் துணி நாட்டுக்குள் வராமல் நின்ற காலம் அது. சங்கக்கடையில் கூப்பனுக்குக் கிடைக்கிற சீத்தைத் துணியை வைத்துக்கொண்டு பிளவுஸ் தைத்துத் தரச்சொல்லிப் பெண்கள் வருவார்கள். சின்னம்மா தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார். பங்குச் சுவாமி பீடத்துக்கு விரிப்புத் தைத்துத் தரக் கேட்டார். அதற்கும் மாட்டேன் என்றார். பிறகு பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லி மன்னிப்பும் வாங்கிக்கொண்டார். விரிப்பை மட்டும் தைக்கவில்லை. ஒன்றைத் தைத்தால் அடுத்ததையும் தைக்கச் சொல்லுவார்கள், கடைசியில் கை எதற்கும் உதவாமல் போய்விடும் என்பது அவருடைய கதை. அம்மாவுக்கு இது அகங்காரமாகப் பட்டது. எனக்கு வெறும் அநியாயமாகப் பட்டது. எனக்கு எட்டு வயது. உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் எனக்கு முதல் நன்மை, முதன்முறையாக நற்கருணை வாங்குகிற நாள். அதற்குக்கூட வெள்ளைச் சட்டை தைத்துத் தரமாட்டேன் என்றுவிட்டார். மச்சாளின் பழைய சட்டை, கமக்கட்டில் மஞ்சள் பிடித்தது, எனக்கென்று எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

அந்த வருடம் சின்னம்மாவின் தலை சற்று நிமிர்ந்திருந்தது. ஊர்காவற்றுறையில் ஒரு கடை முதலாளிக்கு மூன்று பெண்கள். மூவருக்கும் அடுத்தடுத்துக் கலியாணம். மூன்று சட்டையும் சின்னம்மாதான் என்று பேச்சு முடிந்து, மூத்தவளின் துணியும் வந்துவிட்டது. முதலாளியின் மனைவி தங்கள் கடையோடு ஒட்டிய அறையொன்றைத் தையலுக்குத் தருவதாகவும் சொல்லியிருந்தார். சின்னம்மா முன்கூட்டியே ஒரு பலகை எழுதுவித்து அலுமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார். 'மணமகள் ஆடைகள் மட்டும்' என்று அதில் இருந்தது. மட்டும் என்பது மற்ற எழுத்துகளைவிடப் பெரிது.

அதற்கு முன்னமே ஒப்புக்கொண்ட ஒரு சட்டை கையில் இருந்தது. அது திரேசக்காவினுடையது.

திரேசக்கா எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசம் சொல்லித் தருகிறவ. மந்திரம் பிழைத்தால் குட்டமாட்டா, தன் காதைத் தானே முறுக்கிக்கொண்டு அழுகிறமாதிரி நடிப்பா. நத்தார்ப் பண்டிகை நேரம் கலியாணம் பேசி முடிந்தது. அவவின் தகப்பன் அக்கரையிலிருந்து வள்ளத்தில் ஒரு முழுத் துண்டு சாட்டின் எடுப்பித்தார். அது எப்படி வந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, தொட்டுப் பார்க்க மட்டும் எல்லாரும் வந்தார்கள். சின்னம்மா அளவெடுத்து, முதல் வேலையாகப் பொத்தான்களைப் பொதிந்து ஒரு பிஸ்கற் பேணியில் போட்டு வைத்தார். தை மாதம் முடியுமுன் திரேசக்காவின் கால்கள் வீங்கின. நெஞ்சு வருத்தம் என்றார்கள். யாழ்ப்பாணத்துப் பெரியாசுபத்திரியில் சில கிழமை வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு அனுப்பினால் சுகமாகிவிட்டது என்றுதான் அர்த்தம் என நான் நினைத்தேன்.

கோயிலில் கலியாணம் நடக்காத தபசுகாலம் தொடங்கியபின் ஒரு பிற்பகல் திரேசக்காவின் தாய் வந்தார். சட்டையைக் கெதியாக முடித்துத் தரவேண்டும், ஆனால் முதுகு வேண்டாம், பின்பக்கம் திறந்தபடி விட்டு நாடா வைத்தால் போதும் என்றார். எங்கள் ஊரில் முதுகில்லாத சட்டை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் தைப்பார்கள். விறைத்துப்போன உடம்பைத் தூக்கி நிமிர்த்திச் சட்டை போட ஏலாது. முன்னால் வைத்து, கையை நுழைத்து, பின்னால் நாடாவை முடிந்துவிடுவார்கள். கலியாணமாகாமல் செத்த பெண்ணை மணப்பெண்ணாக உடுத்துத்தான் பெட்டியில் வைப்பார்கள். இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். நான் கதிரைக்குக் கீழே இருந்து நூல்கட்டை உருட்டிக்கொண்டிருந்தேன்.

சின்னம்மா மறுத்தார். அவருடைய பயமும் நியாயமானதுதான். செத்தவீட்டுத் துணியில் பட்ட கத்தரிக்கோல் தன் பிள்ளையின் கலியாணத் துணியில் படுவதை எந்தத் தாய்தான் விடுவாள்? ஊர்காவற்றுறைக்குத் தெரிந்தால் மூன்று சட்டையும் போகும், அறையும் போகும். நான் கலியாணச் சட்டை மட்டுந்தான் தைக்கிறனான் அக்கா என்று மூன்று தரம் சொன்னார்.

அந்தத் தாய் அழவில்லை. "என்ர பிள்ளை இதைக் கலியாணச் சட்டையெண்டுதான் நினைச்சுக்கொண்டு கிடக்கிறாள் தங்கச்சி. தபசுகாலம் முடிய கலியாணமெண்டு சொல்லி வைச்சிருக்கிறன். ஒருக்கா அவளின்ர கண்ணிலை காட்டிப்போட்டால் எனக்குக் காணும்" என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் அதற்குள் சத்தமில்லாமல் வேறு இடம் பார்க்கத் தொடங்கியிருந்தது ஊருக்கெல்லாம் தெரியும், திரேசக்காவைத் தவிர.

சின்னம்மா கடைசியில் ஒப்புக்கொண்டார். துணியைத் திருப்பி வாங்கி யாழ்ப்பாணத்தில் தைப்பித்ததாகச் சொல்லவேண்டும், தன் பெயர் எங்கேயும் வரக்கூடாது என்று கேட்டார். அந்தத் தாய் மாதா படத்தில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனார். நான்கு நாளில் சட்டை முடிந்தது. கழுத்துக்குச் சரிகை ரேந்தைப் பின்னல், கைக்கு மடிப்பு, முன்பக்கம் எந்த மணப்பெண்ணுக்கும் குறையாதது. முதுகுக்கென்று இருந்த சாட்டின் மடித்தபடியே துணிப்பெட்டியில் கிடந்தது. எனக்கு அதில் ஒரு கண். கேட்டால் சின்னம்மாவிடம் அடி விழும் என்று கேட்கவில்லை.

சட்டையைக் கொண்டுபோன பிற்பகல் சின்னம்மா என்னையும் கூட்டிப்போனார். சின்னப்பிள்ளை ஒன்று கூட வந்தால் பார்க்கிறவர்களுக்குச் சுகம் விசாரிக்கப் போவது போலிருக்கும் என்று நினைத்திருப்பார். திரேசக்கா தலையணைகளில் சாய்ந்திருந்தா. முகம் ஊதி, உதடு நாவற்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது. சின்னம்மா சட்டையை அவவின் மேல் போர்வை போல் விரித்தார். திரேசக்கா இரண்டு கையாலும் அதைத் தடவித் தடவிப் பார்த்தா. வடிவாயிருக்கு அக்கா என்று மூச்சுக்கு மூச்சு நின்று நின்று சொன்னா. சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, தேத்தண்ணி குடிக்கிற சாட்டில் அந்தத் தாயோடு குசினிக்குப் போய்விட்டார்.

திரேசக்கா என்னைக் கிட்டக் கூப்பிட்டா. "பொத்தான் எப்பிடியடி இருக்கு? எனக்குத் திருப்பிப் பார்க்க ஏலாது."

பொய் சொல்லக்கூடாது என்று எனக்குப் படிப்பித்ததே அவதான்.

"பொத்தான் இல்லையக்கா. முதுகே இல்லை. நாடாதான் இருக்கு" என்றேன்.

அவவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குக் கவலையாகிவிட்டது. அவவைத் தேற்றவேண்டும் என்று, துணி காணாமல் போகவில்லை, முதுகுத் துணி எங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படியே இருக்கிறது, பொத்தானும் பேணிக்குள் இருக்கிறது, சின்னம்மா மறந்திருப்பா என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொட்டினேன். திரேசக்கா கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தா. கூரையில் ஒன்றுமில்லை, நானும் பார்த்தேன். பிறகு என் முதல் நன்மைக்கு என்ன சட்டை என்று கேட்டா. மச்சாளின் பழையதைச் சொன்னேன். கமக்கட்டு மஞ்சளையும் சொன்னேன். தான் கேட்டதை ஒருவருக்கும் சொல்லாதே என்றா.

அவர்கள் திரும்பி வந்ததும் திரேசக்கா சொன்னா: "மிச்சத் துணியிலை இவளுக்கு நன்மைச் சட்டை தைச்சுக் குடுங்கோ அக்கா. என்ர பொத்தானை வைச்சுத் தையுங்கோ. ஆரும் பாக்கத்தானே அதைச் செய்தனீங்கள்."

அந்தத் தாய் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். சின்னம்மா என்னைப் பார்த்தார். அடி நிச்சயம் என்று நினைத்தேன். வழியெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாரே தவிர, ஒரு சொல் ஏசவில்லை. வீட்டு வாசலில், தலைவிதி என்று மட்டும் சொன்னார். எனக்குச் சட்டை கிடைக்கப்போகிறது என்ற புளுகத்தில் துள்ளிக்கொண்டு வந்த நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குருத்து ஞாயிற்றுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை திரேசக்கா செத்துப்போனா. பெட்டிக்குள் அந்தச் சட்டையோடு, தலையில் பூமுடியோடு கிடந்தா. யாழ்ப்பாணத்துத் தையல் எவ்வளவு வடிவு என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். தாய் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார். சின்னம்மா பெட்டிக்குக் கிட்டப் போகவில்லை. அடக்கத்துக்குச் சேமக்காலைக்கும் வரவில்லை.

பெரிய கிழமை முடிந்து உயிர்த்த ஞாயிறும் கழிந்ததும் சின்னம்மா என் சட்டையை வெட்டினார். அம்மாவுக்கு அப்போதுதான் பயம் வந்தது. குடுக்கிறது குடு, பொத்தானை விட்டுவிட்டுக் கொக்கி வைத்துத் தை, ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று கெஞ்சினார். சின்னம்மா பேணியைத் திறந்து பொத்தான்களை மடியில் கொட்டினார்.

"அவள் பொத்தான் எண்டுதான் கேட்டவள்" என்றார்.

இருபத்திரண்டும் என் எட்டு வயது முதுகில் கொள்ளவில்லை. கழுத்தடியிலிருந்து பாவாடை விளிம்புவரை போயின. அதனால் இன்னும் நன்றாகத் தெரிந்தன.

முதல் நன்மை அன்று நாங்கள் சோடி சோடியாகப் பீடத்துக்குப் போனோம். நான் வேண்டுமென்றே மெல்ல நடந்தேன். எனக்குப் பின்னால் வாங்குகளில் இருந்தவர்களின் பாட்டு ஒவ்வொரு நிரையாகக் குறைந்துகொண்டு வந்தது. எல்லாரும் என் சட்டையைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது, கழுத்தை இன்னும் நிமிர்த்திக்கொண்டேன். அந்தச் சாட்டினை ஊரே தொட்டுப் பார்த்திருந்தது. அந்தப் பொத்தான் யாருடைய கை என்று தீவுக்கே தெரியும். ஊர்காவற்றுறை முதலாளியின் மனைவியும் தன் பெறாமகளின் முதல் நன்மைக்கு வந்து மூன்றாம் வாங்கில் இருந்தார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது திரேசக்காவின் தாய் என்னைத் திருப்பி நிறுத்தி, மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தார். எண்ணுகிறார் என்று நினைத்து, இருபத்திரண்டும் இருக்கு மாமி என்று உதவி செய்தேன்.

அந்தக் கிழமையே முதலாளி வீட்டு ஆள் வந்து, வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். பிறகு ஒரு மணப்பெண்ணும் எங்கள் படலையைத் திறக்கவில்லை. நாரந்தனையில் ஒருத்தி அளவுக்கு வருவதாயிருந்தாள், அவளும் வரவில்லை. சின்னம்மா சில மாதம் மெஷினை மூடியே வைத்திருந்தார். பிறகு ஒருநாள் திறந்து, யாரோ கொண்டுவந்த சீத்தையில் பிளவுஸ் தைத்தார். அதன்பிறகு பாவாடை, தலையணையுறை, கோயில் விரிப்பு, கேட்டதெல்லாம் தைத்தார். எழுதுவித்த பலகையை அப்பா எடுத்துக் கோழிக்கூட்டுக்குக் கதவாக அடித்தார். 'மட்டும்' என்ற சொல் தலைகீழாக அங்கே வெகுகாலம் இருந்தது.

எனக்கு இதெல்லாம் நல்ல காலமாகவே பட்டது. அடுத்த தவணைக்கு என் பள்ளிக்கூடச் சட்டையை முதன்முறையாகச் சின்னம்மாவே தைத்தார். எங்கள் சின்னம்மா இப்போது எல்லாம் தைப்பா என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். வீட்டுக்கு வந்து, இதற்கும் அந்தப் பொத்தான் வைத்துத் தரவேணும், நன்மைச் சட்டையில் உள்ளதை வெட்டியாவது வைக்கவேணும் என்று காலை உதைத்து அடம்பிடித்தேன். சின்னம்மா மெஷினை நிறுத்திவிட்டு அறைக்குள் போனார். ஒருநாளும் என்மேல் கை வைக்காத அம்மா, குசினியிலிருந்து அகப்பையோடு வந்து, அதன் காம்பு முறியும்வரை அடித்தார்.

நான் என்ன செய்தனான், நான் என்ன செய்தனான் என்று கேட்டுக் கேட்டு அழுதேன். அம்மா முறிந்த காம்பை அடுப்புக்குள் போட்டுவிட்டுச் சின்னம்மாவின் அறைக்குள் போனார்.