அடுப்படிச் சுவரும் இரண்டு துபாஷிகளும்

போன மாதம் எங்கள் அரியலூர் வீட்டு அடுப்படிச் சுவரை இடித்தார்கள். இடுப்பு உயரத்தில் ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை இருந்ததைப் பார்த்துக் கொத்தனார் காரணம் கேட்டார். நாற்காலியில் இருந்த என் கணவரின் இரண்டாவது அண்ணன், சின்ன மச்சாண்டார், "பொம்பளைங்க ஒத்துப்போவல, பிரிச்ச வூடு. அவளுவ பண்ண வேலை" என்றார். இந்த வயதிலும் அந்தப் பொய் அவர் வாயில் வழுக்கிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளின் கடைசியில் திருமழபாடியிலிருந்து அந்த வீட்டுக்குக் கடைசி மருமகளாகப் போனேன். பெரிய மச்சாண்டார் அப்போது எத்தியோப்பியாவில் இருந்த அஸ்மாராவில் வாத்தியாராக இருந்துவிட்டு, திக்ரிஞா பேசும் மனைவியோடு திரும்பியிருந்தார். சின்னவர் லாவோஸ் நாட்டு வியஞ்சானில் துணிக்கடையில் இருந்தவர். அவர் மனைவி பேசியது லாவோ. நான் பெரியக்கா, சின்னக்கா என்று கூப்பிட்ட அந்த இருவருக்கும் தமிழ் வராது. சின்னக்கா ஏதாவது சொன்னால் சின்னவர் தமிழில் சொல்வார். அதைப் பெரியவர் திக்ரிஞாவில் தன் மனைவிக்குச் சொல்வார். பதிலும் அதே வழியில் திரும்பி வரும்.

அண்ணன் தம்பி இருவருக்கும் வாசல் அறை மேல் கண். ஒருவருக்கு அங்கே துணிக்கடை வைக்க வேண்டும், மற்றவருக்கு டியூஷன் நடத்த வேண்டும். மருமகள்கள் ஒரே அடுப்பில் சமைக்கிறவரை பாகம் பிரிக்க முடியாது என்று மாமனார் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் மொழிபெயர்ப்பு நாற ஆரம்பித்தது.

காலையில் சின்னக்கா சிரித்துக்கொண்டே, "கின் காவ் லேவ் போ?" என்பாள். "ஒன் காப்பிப் புகையில கண்ணு எரியுதாம்" என்பார் சின்னவர். பெரியக்கா பதிலுக்கு மெதுவாக ஏதோ சொல்வாள். "இவ அரிசிய வேகவச்சா வாந்தி வருதாம்" என்பார் பெரியவர். சில வாரங்களில் இரண்டு பேரும் முகம் பார்ப்பதையே விட்டார்கள். ஒருத்தி கொல்லையில் அழுவாள், இன்னொருத்தி கிணற்றடியில்.

நடுவில் வரும் தமிழ் எனக்குக் கேட்கும் என்பதை அந்தப் புத்திசாலிகள் மறந்துவிட்டார்கள். ஒருநாள் பால்காரம்மாவிடம் சின்னக்கா அதே வாக்கியத்தைச் சொன்னாள். சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள் என்றார் சின்னவர், கூசாமல். அன்று மதியம் எல்லோரும் இருக்கும்போது மாமனாரிடம் கேட்டேன்.

"பால்காரம்மாகிட்ட சொன்னா சாப்டீங்களான்னு ஆவுது. அதையே பெரியக்காகிட்ட சொன்னா மட்டும் எப்படி மாமா வசவாவுது?"

அண்ணனும் தம்பியும் தலை குனிந்தார்கள். மாமனார் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"தெரியும்மா. பசங்க அடிச்சிக்கிட்டுப் பிரிஞ்சா ஊரு சிரிக்கும். பொம்பளைங்களாலன்னா யாரும் கேக்கமாட்டாங்க."

அந்த மனுஷனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சுவர் எழுந்தது. காரை காய்வதற்குள் பெரியக்காவைக் கூட்டிப்போய், "கின் காவ் லேவ் போ" என்று சொல்லி, கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டி, சின்னக்கா கேட்டது இதுதான் என்று புரியவைத்தேன். அவள் கரண்டிக் காம்பால் ஒரு செங்கல்லை நெம்பி எடுத்து, அந்தப் பக்கம் காப்பியை நீட்டினாள். அந்த ஓட்டை வழியாகப் பல வருஷம் பேசிக்கொண்டார்கள், எந்தத் துபாஷியும் இல்லாமல்.

அக்காமார் இருவருமே இப்போது உயிரோடு இல்லை. போன மாதம் கொத்தனார் அந்தச் சுவரை இடிக்கக் கடப்பாரையை எடுத்தார். நான் சின்ன மச்சாண்டார் முன்னால் போய் நின்று, "கின் காவ் லேவ் போ?" என்றேன். "அம்மா என்ன கேக்குறாங்க?" என்றார் கொத்தனார்.

"மச்சாண்டாருக்குத்தான் அந்தப் பாஷை தெரியும். அவரையே சொல்லச் சொல்லுங்க" என்றேன்.

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவர் முழுக்க விழும்வரை வாசல் அறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.