தெற்கு வாசல் சுவர்

எங்கள் ஊர்க் கோயிலின் வரலாற்றை எழுதித் தரும்படி பங்குச் சாமியார் கேட்டார். அந்தோணியார் திருவிழாவுக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறேன். அதனால் எழுதவும் வரும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. என் மனைவி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இவனுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருப்பார்கள். நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் மனசில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

அவள் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு முந்தின மாதம், சீசன் மும்முரத்தில், அவள் இருந்த ரூம் வெடித்தது. சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். நானும் திறக்கச் சொல்லவில்லை. அழவும் இல்லை. அழுதால் தேவலை என்று சொந்தக்காரர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது வேறு யாரோ வீட்டுச் சாவு மாதிரி இருந்தது.

ஒரு மாதம் கோயிலை அளந்தேன். சுவர் இரண்டரை அடி கனம். கூரையில் மரமே கிடையாது. செங்கலை வில்லாக வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்பை மாடு கட்டிச் செக்கில் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டிப் பாகும் ஊற்றிக் குழைத்த சாந்து. தெற்கே ஒரு கோபுரம் உண்டு, வடக்கே அடித்தளம் மட்டும். அது ஏன் எழும்பவில்லை என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பீடத்துக்கு மேலே இறக்கையோடு பறக்கும் ஆறு சம்மனசுகளை வரைந்தவர் சிவகாசியில் காலண்டர் படம் போட்டவர். ஆறு பேருக்கும் காலண்டர் லட்சுமியின் கன்னம். இதை எழுதியபோது சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

கோயிலுக்கு இரண்டு பக்க வாசல்கள். வடக்கு ஆண்களுக்கு, தெற்கு பெண்களுக்கு. இன்றைக்கும் யாரும் மாற்றி நுழைவதில்லை. செவ்வாய்க்கிழமை நவநாள் பூசைக்கு அவள் கம்பெனி வேனிலிருந்து நேரே தெற்கு வாசலில் இறங்குவாள். நான் பஸ் பிடித்து வந்து, பாதிப் பூசையில் வடக்கு வாசலில் நுழைவேன். முடிந்ததும் கொடிமரத்தடியில் சேர்ந்துகொண்டு வீட்டுக்குப் போவோம். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான்.

அந்தத் தெற்கு வாசலை ஒட்டி, வெளிச்சுவரில் நெஞ்சு உயரத்தில் ஒரு சாம்பல் நிறக் கறை உண்டு. வருடா வருடம் திருவிழாவுக்கு வெள்ளையடிப்பார்கள். ஒரு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி தெரியும். கோயில் வேலைகளுக்குப் போகும்போதெல்லாம் அதைக் கவனித்திருக்கிறேன். கறை என் கண்ணுக்குத் தப்பாது, தொழில் அப்படி. மலரில் அதற்கு ஒரு பத்தியே கொடுத்தேன். முன்னோர் சாந்தில் ஊற்றிய கருப்பட்டிப் பாகு இன்றும் சுவருக்குள்ளிருந்து ஊறி வருகிறது, எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மறையாது என்று எழுதினேன். அந்த இடம்தான் நன்றாக வந்திருக்கிறது என்றார் சாமியார்.

வெள்ளையடிக்க வந்தவர் அந்த இடத்தில் மட்டைத் தூரிகையை நிறுத்திக்கொண்டு கேட்டார்.

"இத விட்டுறட்டுமா அண்ணாச்சி? நீங்க இதப் பத்தி எழுதியிருக்கீகளாமே."

"அடிங்க. எப்படியும் வந்துரும்," என்றேன்.

முதல் செவ்வாய் போய்ப் பார்த்தேன். வெள்ளை. அடுத்த செவ்வாயும் வெள்ளை. மூன்றாம், நான்காம் வாரங்களும் அப்படியே. அதற்குள் மலரின் புரூஃப் வந்து என் பையில் இருந்தது. மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும். தெற்குக் கோபுரத்தடியில் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற உபதேசியாரிடம், கருப்பட்டி இந்த வருடம் ஏன் ஊறவில்லை என்று கேட்டேன். அவர் கயிற்றை விட்டுவிட்டுச் சொன்னார்.

"அது ஊறி வர்ற கறை இல்ல அண்ணாச்சி. நம்ம மதினிக்குக் கால்முட்டு வலியில்ல? செருப்பக் கழட்டுறப்ப அங்கனதான் கைய ஊணிக்கிருவாக. கையில கம்பெனிப் பவுடரு. எம்புட்டுத் தேச்சாலும் போகாதும்பாக. வாரா வாரம் மணியடிக்கையில நான் பாப்பேன்."

தெற்கு வாசலுக்குப் போனேன். சுவர் சுத்தமாக இருந்தது. கையை அந்த உயரத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு நெஞ்சு வரை வந்தது, அவளுக்குத் தோள்.

உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து, புரூஃபை எடுத்து அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். ஓரத்தில் வேறு எதுவும் எழுத வரவில்லை. பூசைக்கு நிற்காமல் வீட்டுக்கு நடந்தேன். கதவைத் திறந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் நிலைக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன். ஸ்விட்ச் பெட்டியைச் சுற்றிப் பார்த்தேன். அடுப்படி, பாத்ரூம் கதவு, பீரோவின் பின்பக்கம் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

இந்த வீட்டிலும் அவள் கையை ஊன்றித்தான் நடந்திருப்பாள். சுவரில் கறை பட்டால் எனக்குப் பிடிக்காது. நான் முறைத்தால், வேலைக்குப் போய் வந்த அலுப்போடு ஈரத்துணியை எடுத்துவந்து அவளே துடைப்பாள். துடைத்தது போதாது என்று இன்னும் ஒரு தடவை துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சுவரிலும் ஒன்றும் இல்லை. அப்போதுதான் அழுகை வந்தது.