சம்பளம் பிரித்த எங்களைக் கர்த்தர் பேசவைத்தார்

என் கணவர் என்னோடு பேசாமல் இருந்த காலத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவர் குடிக்கவில்லை. அடிக்கவில்லை. வேறு தவறான வழி எதிலும் போகவில்லை. அதனாலேயே என் துக்கத்தை வெளியே சொல்ல எனக்கு வழியில்லாமல் போயிற்று. 'புருஷன் பேசமாட்டேங்காரு' என்று சபையில் எழுந்து நின்று எப்படிச் சொல்வது? மற்றவர்கள் காய்ச்சலுக்கும் கோர்ட்டு வழக்குக்கும் ஜெபிக்கச் சொல்லும்போது, நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பேன்.

அது 1961-ம் வருஷம், சாரல் காலம். குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவே மேலகரத்தில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. இரண்டு பேருடைய பெற்றோரும் காலமாகிவிட்டார்கள். அவர் காலையில் குடையை எடுத்துக்கொண்டு குற்றாலம் பக்கம் நடந்து போவார். இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவார். "சோறு இருக்கா?" என்பார். அதையும் என் முகத்தைப் பார்த்துக் கேட்கமாட்டார். அடுப்பைப் பார்த்துக் கேட்பார். சாப்பிட்டதும் எழுந்து போய்விடுவார். பிறகு நான் என் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவேன். ஓட்டின் மேல் சாரல் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

எதனால் இப்படி ஆயிற்று என்று சொல்லவேண்டும்.

நாங்கள் இருவரும் தென்காசியில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர்களாக இருந்தோம். அவர் ஆங்கிலத்தில் எம்.ஏ. ஆனால் ஆசிரியர் பயிற்சி படிக்கவில்லை. நான் வெறும் பி.ஏ. ஆனால் கல்யாணத்துக்கு முன்பே என் அப்பா பிடிவாதமாக என்னைப் பி.டி. என்கிற அந்தப் பயிற்சியைப் படிக்க வைத்திருந்தார். வீட்டில் இதை வைத்து வேடிக்கை செய்வோம். "சாக்பீஸை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் குடுக்கதுக்கு ஒரு வருஷமா ஏட்டி?" என்று அவர் கேட்பார். நான் சிரிப்பேன். உண்மையைச் சொல்லவேண்டுமானால், அவர் என்னைவிட நல்ல ஆசிரியர். அவர் ஒரு கவிதையை வாசித்தால் பின்வரிசைப் பையன்கள்கூடத் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

1959-ல் எத்தியோப்பியாவுக்கு ஆங்கில ஆசிரியர்கள் வேண்டும் என்று பத்திரிகையில் பார்த்தோம். நம் ஊரில் அபிசீனியா என்பார்களே, அந்த நாடுதான். சென்னையில் நேர்முகத் தேர்வு நடந்தது. இருவருக்கும் வேலை கிடைத்தது. சம்பளம் எவ்வளவு என்பதை, அங்கே போன பிறகு சான்றிதழ்களைப் பார்த்து முடிவு செய்வார்கள் என்றார்கள். நாங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பம்பாயில் கப்பல் ஏறி, பிறகு ரயிலில் மலைமேல் ஏறிப் போனோம்.

அங்கே கல்வி அலுவலகத்தில் ஓர் அதிகாரி எங்கள் தாள்களைப் புரட்டினார். "ஆசிரியர் பயிற்சி?" என்று என் கணவரிடம் கேட்டார். இவர், "எம்.ஏ." என்றார். அதிகாரி பொறுமையாக அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார். பட்டத்தோடு பயிற்சியும் முடித்தவர்களுக்கு ஒரு நிலை, பட்டம் மட்டும் இருப்பவர்களுக்கு அதற்குக் கீழே ஒரு நிலை என்பது அவர்கள் விதி. பட்டம் எம்.ஏ. ஆனாலும் பயிற்சி இல்லையென்றால் கீழேதான். ஒரே பள்ளி, ஒரே பாடம், ஒரே எண்ணிக்கையில் வகுப்புகள். எனக்குச் சம்பளம் அதிகம், அவருக்குக் குறைவு.

அன்றைக்கு அவர் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தார். "இனிமே நீதான் வீட்டுக்கு எசமான்" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் மாதா மாதம் சம்பள நாளில் எல்லா ஆசிரியர்களும் வரிசையாக நிற்போம். மேல் நிலையில் உள்ளவர்களை முதலில் கூப்பிடுவார்கள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும்போது அவர் பின்னால் சுவரோரமாக நிற்பார். என்னைப் பார்க்கமாட்டார். முதலில் வேடிக்கைப் பேச்சு நின்றது. பிறகு பள்ளிக்கூடக் கதைகள் நின்றன. இரண்டாம் வருஷ முடிவில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதே நின்றுவிட்டது. மொழி தெரியாத ஊர், எலும்பு வரைக்கும் ஏறுகிற குளிர், பக்கத்தில் படுத்திருக்கிறவரும் ஊமை. அந்தத் தனிமையை எப்படிச் சொல்வேன்!

விடுமுறைக்கு ஊர் வந்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மூன்று மாதம் தவணை தந்திருந்தார்கள். ஊர் வந்தும் ஒன்றும் மாறவில்லை. ஒருநாள் துணிந்து, "அத்தான், நான் வேலையை விட்டுருதேன். இல்லன்னா உங்க சம்பளமே எனக்கும் போதும்னு எழுதிக் குடுத்துருதேன்" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "எனக்காக நீ ஒண்ணும் கொறஞ்சு போகவேண்டாம்" என்றார். 'சோறு இருக்கா' என்பதைத் தவிர, அந்த வாரம் முழுவதும் அவர் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

பக்கத்து வீட்டு மைதீன் பீவிக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. அவள் கணவர் கொழும்பில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் கிணற்றடியில் சொன்னாள்: "டீச்சரம்மா, எங்க வீட்டுக்காரரு கடலுக்கு அந்தாண்ட இருக்காரு. ஆனா காயிதத்துல பேசிக்கிட்டே இருக்காரு. உங்க வீட்டுக்காரரு இங்கனயே இருக்காரு. ரெண்டு பேருல யாருக்கு வீட்டுக்காரரு இருக்காருன்னு எனக்கே தெரியலை."

நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒருநாள் அவர் பகலில் எங்கேதான் போகிறார் என்று பார்க்க நானும் குற்றாலம் போனேன். சீசன் கூட்டம் நெருக்கியது. எண்ணெய் வாசனையும் ஈரத் துணியுமாக ஜனங்கள். பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு பழக்கடை ஓரத்தில் அவரைக் கண்டேன். கடைக்காரரோடும் வெளியூர்க்காரர் இரண்டு பேரோடும் பேசிக்கொண்டிருந்தார். கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல, அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்குப் பரிச்சயமான பழைய சிரிப்பு.

அவர் குரல் போய்விடவில்லை. எனக்குத்தான் இல்லை.

அவர் கண்ணில் படாமல் திரும்பினேன். பஸ்ஸில் ஏறவில்லை. நனைந்துகொண்டே மேலகரம் வரை நடந்து வந்தேன். வீட்டுக்குள் வந்து, ஈரப் புடவையோடு அடுக்களைத் தரையில் முழங்கால் போட்டேன். அதுவரைக்கும் என் ஜெபமெல்லாம் சம்பளத்தைப் பற்றியே இருந்தது. 'அவங்க விதியை மாத்தும் ஆண்டவரே, எங்க ரெண்டு பேரையும் சமமாக்கும் ஆண்டவரே' என்று நானே வழி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அப்படியெல்லாம் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, யாருக்கு எவ்வளவு சம்பளம்னாலும் போகட்டும். அவர் என்கூடப் பேசணும். ஒரு கேள்வியாவது என்னைக் கேக்கணும்" என்றேன். அழுது அழுது அப்படியே தரையில் படுத்துவிட்டேன். எழுந்தபோது ஒன்றும் மாறியிருக்கவில்லை. அடுப்பை மூட்டினேன்.

சில நாட்கள் போயின. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தோம். வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவரைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். மத்தாய் சார்! எங்களோடு அந்த மலை ஊரில் கணக்குப் பாடம் எடுத்தவர், மலையாளத்துப் புனலூர்க்காரர். அவரும் விடுமுறைக்கு வந்திருந்தார். அருவியில் குளிக்க ரயிலில் வந்தவர், எங்கள் நினைவு வந்து தென்காசியில் விசாரித்து விசாரித்து வந்துவிட்டாராம்.

"எந்தா சாரே! எப்போ திரும்பிப் போறீங்க?" என்று உள்ளே வரும்போதே கேட்டார். "ஊருக்குக் கிளம்புற நாள் வரைக்கும் எட்டாம் கிளாஸ் குட்டிகள் என்னைக் கொன்னுது. சார் எப்போ வரும், சார் எப்போ வரும்னு ஒரே கேள்வி."

என் கணவர் கீழே பார்த்தார். "நான் போகலை சார். ஒரே வேலைக்கு ஏன் கீழ நிக்கணும்?" என்றார்.

காப்பி டம்ளரோடு வந்த நான் வாசல்படியிலேயே நின்றுவிட்டேன். கீழே நிற்பதைப் பற்றி அவர் இப்படி வாய்விட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

மத்தாய் சாருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. "ஞானும் கீழதானே நின்னது!" என்றார். "ரெண்டு வருஷம் நின்னேன். பின்னே நாப்பது வயசில திருவனந்தபுரத்தில டிரெயினிங்குக்குச் சேர்ந்தேன். கூடப் படிச்ச குட்டிகள் என்னை அம்மாவன்னு கூப்பிடும். மாமான்னு அர்த்தம். டீச்சிங் பிராக்டீஸ் பார்க்க வந்த சாருக்கு என்னைவிட வயசு குறைவு. என்ன எழுதினாரு தெரியுமா? 'போர்டில் எழுதும்போது பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டுகிறார். கையெழுத்து மோசம்.' பதினாறு வருஷமா கணக்கு சொல்லிக் குடுத்தவனைப் பத்தி!"

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் வீட்டுக்குள் அந்தச் சத்தம் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

"அவங்களை நம்ம குற்றம் சொல்லக் கூடாது சாரே" என்றார் மத்தாய் சார். "எங்கேயோ இருந்து வருகிற ஆளுக்குப் படிப்பிக்கத் தெரியுமான்னு அவங்க எப்படி அறியும்? அந்தப் பேப்பர் ஒண்ணுதான் அவங்க கையில இருக்கு. பேப்பர் கொண்டுபோனேன். மேலே போட்டாங்க. அவ்வளவுதான்."

"பேப்பருக்குத்தானா, இல்ல உண்மையிலேயே ஏதாவது படிச்சீங்களா?"

"ஒண்ணு படிச்சேன். குட்டி தப்பாச் சொன்னா உடனே திருத்தக் கூடாது. கொஞ்சம் காத்திருந்தா அதுவே திருத்திக்கிடும்."

சாயங்காலம் அவர் செங்கோட்டைக்குக் கிளம்பினார். என் கணவர் பஸ் வரை கூடப் போய் அனுப்பிவிட்டு வந்தார். வந்ததும் பழையபடி பேசாமல் உட்கார்ந்தார். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தேன். அடுக்களை வாசலில் நிழல் தெரிந்தது.

"ஏட்டி ரூபி."

நான் திரும்பவில்லை. திரும்பினால் அந்தக் குரல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

"நீ பி.டி. படிக்கையில மொத நாள் கிளாஸ் எடுக்கப் பயந்தியா?"

பிரியமானவர்களே, நான் கேட்டது ஒரு கேள்வி. கர்த்தர் அந்த ஒரு கேள்வியைத் தந்தார். எனக்கு அழுகைதான் வந்தது. என் கணவர் அருகில் வந்து, ஈரத் தரையிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு அவர் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார். "சம்பளம் கொஞ்ச நாள்தான் உறுத்துச்சு. அதுக்கப்புறம் நீ என் கிளாஸைப் பத்தி ஒண்ணுமே கேக்கலை. நோயாளி இருக்க வீட்டுல நடக்க மாதிரி மெள்ள மெள்ள நடந்த. சரி, இவளும் நம்மளைக் கீழதான் வச்சிருக்கான்னு நெனச்சேன்" என்றார். அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் நான் ஒதுங்கி ஒதுங்கிப் போனேன். அது அவருக்கு அப்படிப் பட்டிருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக அழுதிருக்கிறோம்.

அந்த வருஷமே அவர் பாளையங்கோட்டையில் பி.டி.க்குச் சேர்ந்தார். வேலையை விடாமலிருக்க நான் மட்டும் கப்பலேறினேன். அந்தக் குளிர் ஊரில் ஒரு வருஷம் தனியாக இருந்தேன். தனிமை என்னை விட்டுப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் தூரத்தில் ஒருவர் என்னிடம் சொல்ல வேண்டியதைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறார் என்ற நிச்சயம் இருந்தது. அந்த நிச்சயத்தோடு இருக்கும் தனிமையைச் சுமக்க முடிந்தது.

அடுத்த வருஷம் அவர் வந்து சேர்ந்தார். எம்.ஏ., பி.டி. அதே அதிகாரி தாள்களைப் பார்த்து, பயிற்சியோடு பெரிய பட்டமும் இருப்பதால் என் நிலைக்கும் ஒரு படி மேலே எழுதினார். வெளியே வந்ததும் என் கணவர் என்னைக் கூர்ந்து பார்த்து, "இப்ப உனக்கு எப்படியிருக்கு?" என்று கேட்டார்.

"குளிருது அத்தான். வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

இப்போது நாங்கள் தென்காசிக்கே திரும்பிவிட்டோம். வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் எங்களைத் தேடி வருகிறார்கள். பட்டத்தோடு நிற்காமல் பயிற்சியையும் முடித்துவிட்டுப் போங்கள் என்று இருவரும் சொல்லி அனுப்புகிறோம். கணவனும் மனைவியுமாக வந்தால் ஒன்று கூடுதலாகச் சொல்கிறோம்: யாருக்குக் கூடினாலும் குறைந்தாலும், அன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது என்று ஒருவரை ஒருவர் கேட்காமல் தூங்கப் போகாதீர்கள்.

இதை வாசிக்கிற சகோதரியே, உன் வீட்டிலும் ஒருவர் பேசாமல் இருக்கலாம். இதைப் போய் ஆண்டவரிடம் கேட்பதா என்று நீ வெட்கப்படலாம். நானும் வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தோடேயே அவரிடம் போ. வார்த்தை வராவிட்டாலும் போய் உட்கார். பேச யாரும் இல்லாத வீட்டிலும் நம் பேச்சைக் கேட்க அவர் இருக்கிறார். அவருக்கே ஸ்தோத்திரம்.